உப்புக் கரித்த தீர்த்தம்

எங்கள் தோட்டத்தில் ஒரு குழந்தை இறந்துவிட்டால் முதலில் என்னைத்தான் தேடி வருவார்கள். அப்போது எனக்கு எட்டு வயது.

தோட்டம் என்றதும் மரமும் பூவும் நினைத்துவிட வேண்டாம். கொழும்புக் கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் ஓர் ஒழுங்கை. அதன் இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய சின்ன வீடுகள். நடுவே எல்லோருக்கும் பொதுவான ஒரு தண்ணீர்க் குழாய். குழாயடியில் தொடங்கிக் கீழ்க்கோடி வரை ஓடும் ஒரு திறந்த சாக்கடைக் கான். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடி அதிரும். அப்பா அந்தத் துறைமுகத்தில்தான் கிளார்க். ஓர் அறையும் குசினியும் கொண்ட வீட்டில் அப்பா, அம்மா, நான், இரண்டரை வயதுத் தம்பி. எதிர் வீட்டில் அப்பாவின் அக்கா, எனக்கு மாமி.

என்னைத் தேடி வந்தது என் நற்குணத்துக்காக அல்ல, என் சட்டைக்காக. அந்த வருஷம்தான் நான் முதல்நன்மை வாங்கியிருந்தேன். கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் அந்த நாளுக்கென்று அம்மா தைத்த வெள்ளைச் சட்டை அது. கணுக்கால் வரை நீளம், கழுத்திலும் கையிலும் லேஸ். எங்கள் கத்தோலிக்கச் சனங்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. பாவம் செய்யும் வயது வருமுன் இறந்துபோகிற பிள்ளை நேரே மோட்சத்துக்குப் போய்ச் சம்மனசு என்கிற தேவதூதர் ஆகிவிடும். அதனால் அதற்காகக் கறுப்பு உடுக்கக்கூடாது. பெட்டியும் வெள்ளை. பெட்டிக்கு முன்னால் முதல்நன்மைச் சட்டை போட்ட சிறுமிகள், தலையில் பூமுடியும் கையில் பூக்கூடையுமாக, தாங்களும் சம்மனசுகள் மாதிரி, கல்லறைகள் உள்ள சேமக்காலை வரைக்கும் நடக்க வேண்டும்.

தோட்டத்தில் அந்த வருஷம் முதல்நன்மை வாங்கியவர்கள் நான்கு பேர். ஒருத்தியின் சட்டை இரவல், திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இன்னொருத்தி பெட்டியைக் கண்டால் வாந்தி எடுப்பாள். மூன்றாமவளின் தாய், தன் பிள்ளையைச் சாவுக்கு வாடகைக்கு விட முடியாது என்று நேரே சொல்லிவிட்டார். ஆகவே நான் நிரந்தரச் சம்மனசு.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நான் தெருவில் இறங்கினால் பஸ் நிற்கும். முச்சக்கர வண்டிக்காரர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நிற்பார்கள். மூட்டை தூக்கும் நாட்டாமைகள் தலைத்துண்டைக் கழற்றுவார்கள். வேறு எந்த நாளிலும் கொட்டாஞ்சேனையில் எனக்காக ஒரு சைக்கிள்கூட நின்றது கிடையாது. திரும்பி வந்ததும் சீனி தூவிய ஒரு பணிஸும் ஒரேஞ்ச் சோடாவும் தருவார்கள். பெட்டிக்குள் இருப்பது நேற்றுவரை கானோரத்தில் அரைஞாணோடு தவழ்ந்த பிள்ளை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அது மோட்சத்துக்குப் போகிறது, நான் பணிஸுக்குப் போகிறேன், இரண்டு பேருக்கும் நட்டமில்லை என்றே நினைத்திருந்தேன்.

முன்னால் நடப்பவளுக்குச் சில விஷயங்கள் கண்ணில் படாமல் போகாது. எல்லாச் சாவும் மாரியில்தான் வந்தது. களனி ஆற்றில் தண்ணீர் ஏறி, எங்கள் கான் நிரம்பி, குழாயடியில் கணுக்காலளவு கறுப்புத் தண்ணீர் நிற்கும் நாட்களில் வந்தது. போனவை எல்லாம் நடக்கத் தொடங்கிய பிள்ளைகள், அல்லது தொடங்காத பிள்ளைகள். அநேகமாக எல்லாம் கீழ்க்கோடி வீட்டுப் பிள்ளைகள். இதிலிருந்து நான் எடுத்த முடிவு, கடவுளுக்குக் கீழ்க்கோடிச் சனங்களைத்தான் அதிகம் பிடிக்கும் என்பது. பெரியவர்களின் முடிவுகளும் இதைவிடப் பெரிய திறம் என்று சொல்ல முடியாது. கண்ணூறு என்றார்கள், பல் முளைக்கிற காய்ச்சல் என்றார்கள், தாய் பலாப்பழம் சாப்பிட்டாள் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிள்ளை திரும்பாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கருத்து. கண் உள்ளே போய், தலை தொங்கிய பிறகுதான் கொண்டுபோனார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை.

பிள்ளைக்கு நோய் வருத்தம் என்றால் யோசனை கேட்க எல்லோரும் மாமியிடம்தான் வருவார்கள். மாமிக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்து, இரண்டு பேரும் ஒரே மாரியில், ஒரே கிழமையில், வயிற்றோட்டத்தில் போய்விட்டார்கள். நான் பிறப்பதற்கு முந்திய கதை. பிறகு மாமாவும் போய்விட்டார். எங்கள் தோட்டத்தில் இதுவே பெரிய பட்டம். பறிகொடுத்தவருக்குத்தான் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். பறிகொடுக்காதவரிடம் கேட்டுப் பார்க்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமியின் வைத்தியத்தில் முதலாவதும் கடைசியுமான சட்டம் ஒன்றே. வயிற்றோட்டம் என்றால் தண்ணீர் கொடுக்கக்கூடாது.

"உள்ள போனாத்தானே வெளியில வரும்?" என்று கேட்பார். பாண் ரொட்டியைச் சுட்டுத் தூளாக்கிக் கொடுக்கலாம், மாதுளம் கோது அரைத்து நாக்கில் தடவலாம், வயிற்றில் துணி கட்டலாம். தண்ணீர் மட்டும் கூடாது.

தம்பிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. திங்கள் காலை ஆகும்போது அம்மா துவைக்கத் துணி மிஞ்சவில்லை. அப்பா டிஸ்பென்சரியில் ஒரு சிவப்பு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். போகும்போது அம்மாவைப் பார்த்து, "அக்கா சொல்லுறபடி செய்" என்றார். தாயில்லாத அப்பாவை வளர்த்தது மாமி. அப்பா பெரிய உத்தியோகத்தர்களோடு இங்கிலீஷில் வாதாடுவார், மாமியோடு தமிழில்கூட வாதாட மாட்டார்.

அம்மா மன்னார்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஒரு நாளைக்கு எண்ணி நாலு வார்த்தைதான் கதைப்பார். எங்கள் தோட்டத்தில் அம்மாவை ஊமைக்குயில் என்பார்கள். திங்கள் மத்தியானம் அந்த ஊமைக்குயில் ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துத் தம்பியின் உதட்டில் வைத்ததை மாமி கண்டுவிட்டார். சத்தம் போடவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, எங்கள் வீட்டுச் சுவரில் அந்தோனியார் சுரூபம் வைத்திருந்த பலகைத் தட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"சத்தியம் பண்ணு பிள்ளை. என்ர கையால இவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க மாட்டன் எண்டு சொல்லு."

அம்மா சுரூபத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு மாமி சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். மாமி கதிரையை இழுத்துத் தம்பியின் கட்டிலோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கையில் செபமாலை. அந்தக் காவலில் வஞ்சகம் எதுவும் இல்லை. மாமி இரண்டு நாள் ஒரு பிடி சோறு சாப்பிடவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தம்பி தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்கு அப்போது நன்றாக வந்த சொற்கள் ஐந்தாறுதான். அதில் அக்கா ஒன்று, தண்ணி ஒன்று. செவ்வாய்க்கிழமை காலை அவன் அழுதபோது கண்ணீர் வரவில்லை. முகம் கோணி, வாய் திறந்து, கண் மட்டும் காய்ந்து கிடந்தது. எனக்கு அது விநோதமாக இருந்தது. குழாயடியில் இரண்டு பெண்கள் தாழ்ந்த குரலில், "கண் உள்ள போட்டுதாம்" என்று பேசிக்கொண்டதைக் கேட்டேன். அந்தப் பேச்சு எனக்குப் பழக்கமானது. அதற்கு அடுத்த நாளோ அதற்கும் மறுநாளோ என்னைத் தேடி ஆள் வரும்.

நான் வீட்டுக்கு வந்து, உடுப்புப் பெட்டியைத் திறந்து, முதல்நன்மைச் சட்டையை எடுத்து உதறிக் கொடியில் போட்டேன்.

இதை எழுதும்போதும் என் காது சுடுகிறது. ஆனால் சத்தியமாக அதில் ஈரமில்லாத மனசு எதுவும் இல்லை. போன தடவை சட்டையில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்ததற்கு எனக்கு ஏச்சு விழுந்திருந்தது. தம்பிக்கென்று நடக்கும்போது சட்டை வெள்ளையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அன்று மழை விட்டிருந்தது, இலேசாக வெயிலும் இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு நடந்ததைவிடத் தம்பிக்கு வடிவாக நடக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதை நினைத்து அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

அம்மா குழாயடியிலிருந்து வாளியோடு வந்தவர் கொடியைக் கண்டார். வாளியைக் கீழே வைத்தார். எனக்கு அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை. சட்டையை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். குடையை எடுத்தார்.

"மச்சாள், கோவிலுக்குப் போட்டு வாறன்" என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை. கொழும்பில் பாதிச் சனம், சமயம் பாராமல், செவ்வாய்க்கிழமையில் அந்தோனியார் கோவிலுக்குப் போகும். மாமி செபமாலையை நிறுத்தாமலே தலையை ஆட்டினார்.

அம்மா திரும்பி வர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. அந்தோனியார் கோவிலுக்குப் போய் வந்தால் சேலையில் மெழுகுதிரிப் புகை மணக்கும். அன்று மணக்கவில்லை. அம்மா போனது கோவிலுக்கு அல்ல, பிள்ளைகளை எடை நிறுத்துப் பார்க்கும் கிளினிக்குக்கு என்பது எனக்கு இருபது வருஷம் கழித்துத்தான் தெரியும். என் மகனுக்கு முதல் வயிற்றோட்டம் வந்தபோது, வெள்ளவத்தையில் என் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு அம்மாவே சொன்னார். கிளினிக்கில் இருந்த மருத்துவிச்சி ஒரு சிங்களப் பெண். அம்மாவுக்குச் சிங்களம் கடை வீதிக்குப் போதுமான அளவுதான். இரண்டு நாளாகப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை என்று அம்மா எப்படியோ விளங்கப்படுத்தியதும் அந்த மனுஷி தலையில் கை வைத்துக்கொண்டு, "வத்துர தென்ன! வத்துர!" என்று கத்தினாராம். தண்ணீர் கொடு, தண்ணீர். வெளியே போவது தண்ணீர், அது தீர்ந்துபோவதால்தான் பிள்ளை சாகிறது என்று ஒரு துணியைப் பிழிந்து காட்டினாராம். ஆறின கொதிநீரில் எவ்வளவு சீனி, எவ்வளவு உப்பு என்று கரண்டியால் அளந்து காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் கொடுக்கச் சொன்னாராம். நாளைக்கும் தேறாவிட்டால் யார் என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு என்றும் சொன்னாராம்.

எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் ஒரு ஜக் மட்டுமே. அம்மா அதை மணி கோர்த்த வலைத்துணியால் மூடி, அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில், தட்டில் வைத்தார். அறையில் வேறு எங்கே ஒரு ஜக் இருந்தாலும் மாமி கேட்டிருப்பார். சுரூபத்தின் பக்கத்தில் இருப்பதை யாரும் ஏனென்று கேட்பதில்லை. பிறகு அம்மா மாமியைப் பார்த்து, கிறிஸ்மஸ் கேக்குக்கு ரவையை எத்தனை மணித்தியாலம் வறுக்க வேண்டும் என்று கேட்டார்.

கிறிஸ்மஸுக்கு இன்னும் எத்தனையோ கிழமை இருந்தது. ஆனாலும் மாமியிடம் கேக்கைப் பற்றிக் கேட்டால் நேரம் காலம் கிடையாது. "வறுக்கிறதே? ஆர் சொன்னது வறுக்கிறதெண்டு?" என்று எழுந்தார். அம்மா அவரைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பியைப் பார்த்துக்கொள். அவனை அழவிடாதை, என்ன?"

சொல்லிவிட்டுக் கண்ணைத் தட்டின் பக்கம் ஒருமுறை ஓட்டினார். பிறகு போய்விட்டார்.

தம்பி, "அக்கா, தண்ணி" என்றான். குரல் காய்ந்த ஓலை மாதிரி இருந்தது. நான் வாசலைப் பார்த்தேன். முக்காலியைப் போட்டு ஏறினேன். வலைத்துணிக்கு அடியில் ஒரு தேக்கரண்டியும் இருந்தது. பழுது இல்லையே என்று பார்க்க ஒரு கரண்டி நான் குடித்தேன். உப்புக் கரித்தது.

தீர்த்தம் மந்திரிக்கும்போது சுவாமியார் அதில் உப்புப் போடுவதை நான் முன்வரிசையில் நின்று கண்ணால் கண்டவள். சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கும்போது தீர்த்தம் தெளிப்பதையும் கண்டிருந்தேன். ஆக, அம்மா கோவிலுக்குப் போனது தீர்த்தம் வாங்கத்தான். தம்பியின் கடைசி நேரத்துக்காகத்தான் அதைச் சுரூபத்தடியில் வைத்திருக்கிறார். அதில் போய் நான் ஒரு கரண்டி குடித்துவிட்டேன். கொஞ்சம் இனிப்பும் இருந்தது. அந்தோனியார் கையில் குழந்தையேசு இருக்கிறபடியால் அப்படி என்று விளங்கிக்கொண்டேன்.

தம்பி மறுபடியும் கேட்டான். மாமியின் சட்டம் ஒரு பக்கம், தீர்த்தத்தைத் திருடுகிற பாவம் மறுபக்கம். இரண்டுக்கும் நரகம்தான். நான் அவன் வாயில் ஒரு கரண்டி ஊற்றினேன். அவன் கரண்டியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. அந்தப் பிடியை என் விரல்கள் இன்னும் மறக்கவில்லை. பிறகு நான் எண்ணவில்லை. குசினியில் மாமி முந்திரிப்பருப்பில் இருந்து பூசணிக்காய் அல்வாவுக்குப் போகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அன்றும் புதனும் வியாழனும் அம்மா கதைத்தது போல ஆயுளில் கதைத்ததில்லை. கேக் முடிந்து கொக்கிஸ், கொக்கிஸ் முடிந்து தொதல் என்று பலகாரங்கள், பிறகு பேலியகொடையில் எந்த நாள் நல்ல மீன் வரும் என்ற கேள்வி. மணித்தியாலத்துக்கு ஒரு முறை மாமிக்குக் குசினியில் அலுவல் இருந்தது. ஒவ்வொரு முறையும் எனக்கு, "அவனை அழவிடாதை." ஒவ்வொரு முறையும் நான் முக்காலியில் ஏறினேன்.

எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. எவ்வளவு எடுத்தாலும் ஜக் குறையவில்லை. பின்னேரம் அடிமட்டத்துக்கு வந்திருக்கும், அடுத்த தடவை பார்த்தால் கழுத்துவரை நிற்கும். அந்தோனியார் புதுமை செய்கிறார் என்று நம்பினேன். ஆனால் திருடுகிறவளுக்கு ஏன் புதுமை செய்கிறார் என்பதுதான் பயமாக இருந்தது. என்னைச் சோதிக்கிறார் என்று முடிவு செய்தேன். தன் கையால் கொடுக்க மாட்டேன் என்று மட்டும்தான் அம்மா சத்தியம் செய்தார். என் கையைப் பற்றி யாரும் சத்தியம் வாங்கவில்லை. அது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

வியாழன் மத்தியானம் தம்பி அழுதான். கண்ணீரோடு அழுதான். இரண்டு கன்னத்திலும் வழிந்து காதுக்குள் போனது. அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார். மாலையில் பாண் கேட்டான். மாமி செபமாலையை முத்தமிட்டுவிட்டு, "பாத்தியே பிள்ளை? வயிறு காஞ்சவுடன நிண்டிட்டுது!" என்றார். துறைமுகத்திலிருந்து வந்த அப்பா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவர் அழுததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலில் நின்று, தீர்த்தம் திருடினேன் என்றேன். வலைக்கு அந்தப்பக்கத்திலிருந்து சுவாமியார் கேட்டார்.

"எவ்வளவு திருடினனீ?"

"தெரியாது சுவாமி. மூண்டு நாள். தம்பிக்குக் குடுத்தனான். உப்புக் கரிச்சுது."

"இனிச்சுதோ?"

"ஓம். கொஞ்சம்."

"ஆர் அதை அங்க வைச்சது?"

"அம்மா."

பிறகு அவர் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. "தம்பி இப்ப என்ன செய்யிறான்?" என்று கேட்டார். பாணுக்கு அழுகிறான் என்றேன்.

"ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லு. உன்ர அம்மாவுக்காகச் சொல்லு. போ."

எனக்குப் பெரிய ஏமாற்றம். மூன்று நாள் திருட்டுக்கு ஒரேயொரு மந்திரமா? முந்தின கிழமை பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை ஒளித்ததற்கே ஐந்து சொல்லச் சொன்னவர். என் பாவத்தை அவர் மதிக்கவில்லை என்று தோன்றியது.

அம்மா அதோடு நிற்கவில்லை. குழாயடியில் வாளி நிரம்பும் நேரத்தில், ஒவ்வொரு நாள் ஒவ்வொரு தாயிடம், அம்மாவின் நாலு வார்த்தையில் இரண்டு அதற்காகப் போனது. அடுத்த மாரிக்குள் தோட்டத்தில் பாதி வீடுகளில் சுரூபத் தட்டில் ஒரு ஜக் வந்துவிட்டது. சைவ வீடுகளில் பிள்ளையார் படத்தடியில் வந்தது. மேற்கோடியில் இருந்த முஸ்லிம் ராத்தா வீட்டில் தட்டு இல்லாதபடியால் குர்ஆன் வைத்த அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. தோட்டத்தில் பக்தி பெருகிவிட்டது என்று மாமி எல்லோரிடமும் சந்தோஷப்பட்டுச் சொன்னார். அந்த மாரியில் என்னைத் தேடி யாரும் வரவில்லை. அதற்கடுத்த மாரியில் ஒருவர் வந்தார், ஆனால் சட்டை அப்போது முழங்காலுக்கு ஏறியிருந்தது. சம்மனசு உத்தியோகம் அப்படியே போய்விட்டது. பணிஸுக்காக நான் கொஞ்சம் வருத்தப்பட்டதும் உண்மை.

ஆனால் இதெல்லாம் பிந்திய கதை. நான் சொல்ல வந்தது, தம்பி எழுந்து நடந்த பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமையைப் பற்றி.

அன்று தம்பிக்காக வைத்த நேர்த்தியைத் தீர்க்க எல்லோரும் அந்தோனியார் கோவிலுக்குப் போனோம். தம்பியை மாமிதான் தூக்கி வந்தார். அம்மாதான் அப்படிச் செய்யச் சொன்னார். பீடத்தடியில் அவனைக் கிடத்தி எடுத்ததும் மாமிதான். பூசை முடிந்து வெளியே வந்து, மெழுகுதிரிக்காரர்களுக்கும் காப்புக் கடைகளுக்கும் நடுவே ஒரு படிக்கட்டில் உட்கார்ந்தோம். அப்பா எங்களுக்குக் கடலை வாங்கப் போனார். தம்பி மாமியின் மடியில் இருந்து அவர் சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தான்.

மாமி அவன் தலையைத் தடவியபடியே, யாரையும் பார்க்காமல் பேசினார். தன் பிள்ளைகளைப் பற்றி மாமி வாய்திறந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"பெரியவன் கேக்கக் கேக்க எனக்கு மனசு பொறுக்கேல்லை. ஒரு வாய் குடுத்திட்டன். விடியச் செத்துப் போட்டான். நான்தான் சாகடிச்சிட்டன் எண்டு நினைச்சன். அதால சின்னவனுக்கு நாக்குக்கூட நனைக்கேல்லை. அம்மா அம்மா எண்டு என்ர வாயையே பாத்துக்கொண்டு கிடந்தான். நான் குடுக்கேல்லை. அவனும் போட்டான்." மாமி தம்பியின் நெற்றியில் முத்தமிட்டார். "இத்தனை வருஷமா எனக்கு ஒரே யோசினை. அவனுக்கெண்டாலும் குடுத்திருக்கலாமோ, ஆசையோட போக விட்டிட்டனோ எண்டு. இப்பதான் மனசு ஆறுது. இவன் பிழைச்சிட்டான். அப்ப நான் செய்தது பிழையில்லை. சின்னவனுக்கு நான் தொடங்கப் பிந்திப் போச்சு, அவ்வளவுதான். என்ன பிள்ளை?"

நான் படியில் இருந்து எழுந்துவிட்டேன். என்னால் பொறுக்க முடியவில்லை. நான்தான் மாமி தண்ணி குடுத்தனான், மூண்டு நாளும் நான்தான் குடுத்தனான் என்று சொல்ல வாய் திறந்தேன். சுவாமியார் பாவத்தை மன்னித்துவிட்டார், இனி எனக்கு என்ன பயம்? முதல் சொல் வருமுன் அம்மாவின் கை என் கையைப் பற்றியது. நகம் உள்ளே இறங்கியது. ஒரு சத்தமும் எழும்ப முடியாத அளவுக்கு வலித்தது.

"ஓம் மச்சாள்" என்றார் அம்மா. கோவில் வாசலில், சுரூபம் தெரிகிற தூரத்தில் இருந்துகொண்டு, குரல் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார். "நீங்கள் சொன்னபடி செய்ததாலதான் இவன் பிழைச்சவன். ஒரு சொட்டும் குடுக்கேல்லை. நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை."

மாமி அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். தம்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எங்கோ பார்த்து, கூப்பிட ஆளில்லாத இரண்டு பெயர்களை மெல்லச் சொன்னார்.

எனக்குக் கோபத்தில் கண் இருண்டது. பாவம் செய்தது நான், தம்பியைக் காப்பாற்றியது அந்தோனியார், பேர் மாமிக்கு. அதற்கு அம்மா கோவில் வாசலிலேயே பொய்ச் சாட்சி. மாமி என்றால் இவ்வளவு பயமா? வாயிருந்தும் ஒரு உண்மையைச் சொல்லத் தைரியமில்லாத ஒரு அம்மா எனக்கு ஏன் வாய்த்தார் என்று நினைத்தேன்.

கொட்டாஞ்சேனைத் தெருவில் அன்று நல்ல சனம். தெருவைக் கடக்க அம்மா இரண்டு முறை கையை நீட்டினார். வீடு போய்ச் சேரும்வரை நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.